பி0420: மஞ்சள் விளக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு

பழைய கார் வச்சிருக்கிறவங்க பலருக்கு பி0420 பரிச்சயமான எண். என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று வரும். உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மாத்தினா பர்ஸ் காலி. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அதன் வரலாற்றைத் தேடினேன்.

கதை லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. அங்கே கண்ணை எரித்த புகைமூட்டம், வாகனப் புகையும் எண்ணெய் ஆலை ஆவிகளும் வெயிலில் வினைபுரிவதால் உருவாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஹாகென்-ஸ்மிட் காட்டினார். 1970இல் அமெரிக்கா காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லா பெட்ரோலும் வந்தது.

மாட்டியாச்சு, பத்து வருஷம் கழிச்சும் வேலை செய்யுதான்னு யார் பார்ப்பது? அதைக் காரே பார்த்துக்கொள்ள, 1996 மாடலிலிருந்து அங்கே ஓபிடி-2 கட்டாயமானது. ஆனால் அது புகையின் நச்சை நேரடியாக அளப்பதில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. முன்னது ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்துச் சேமித்து விடுவதால் பின்னது பெரிதாக ஆடாது. பின்னதும் சேர்ந்து ஆடினால் விளக்கு எரியும்.

ஆக, அது ஊகம்தான், தீர்ப்பு இல்லை. புகைக்குழாயில் கசிவு இருந்தாலோ சென்சார் கெட்டாலோ அதே எண் வரலாம். முதலில் அவற்றைப் பாருங்க. மிஸ்ஃபயரோ ஆயில் எரிவதோ இருந்தால் அதையும் சரிபண்ணுங்க. இல்லாட்டி புதுசா மாட்டுற கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும்.