புகை குடித்த இலை

லட்டாக்கியா சிரியாவின் மத்தியதரைக் கடலோரத் துறைமுகம். அங்கிருந்து கப்பலேறியதால் ஒரு புகையிலைக்கும் அதே பெயர். விளைந்தது என்னவோ துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள மலைக் கிராமங்களில். ஒரு வருடம் விற்காமல் மிஞ்சிய இலையை வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்களாம்; குளிர்காலம் முழுக்க அடுப்புப் புகை ஏறி, இறக்கும்போது கறுத்து மணந்ததாம். கதை எப்படியோ, முறை அதுதான். உலர்ந்த இலைகளைக் கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே ஓக், பைன் விறகைக் கொழுந்துவிடாமல் வாரக்கணக்கில் புகையவிடுவார்கள்.

இதற்கு விறகு ஏராளமாக வேண்டும். மலைக்காடு மெலிந்தது, சிரியாவில் தொழிலும் மெலிந்தது. இலை சைப்ரஸ் தீவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே இஸ்மீர் வகை இலைக்கு மாஸ்டிக், மிர்ட்டில் புதர்கள், பைன், சைப்ரெஸ் மரங்கள் இவற்றின் புகை. இன்று கடைகளில் கிடைக்கும் லட்டாக்கியா பெரும்பாலும் இந்தத் தீவின் வகைதான்.

இதற்கு மரியாதை தேடித் தந்தது லண்டன். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் டியூக் தெருவில் கடை திறந்து, வாடிக்கையாளர் கேட்டபடி பைப் புகையிலை கலந்து கொடுத்தார். இனிப்புக்கு வர்ஜீனியா, லேசான புளிப்புக்குத் துருக்கி இலை, கறுப்புக்கும் கனத்துக்கும் லட்டாக்கியா: ‘ஆங்கிலக் கலவை’ என்று பைப் பிடிப்பவர்கள் சொல்வது இதைத்தான். தார், பழைய தோல், அணைந்த விறகடுப்பு என்று அதன் வாசனையை ஆளுக்கொரு விதமாக வர்ணிப்பார்கள்.

லட்டாக்கியா பைப்பிலிருந்து சுருட்டுக்குப் போன பயணம் அண்மைக்காலத்தது, சுலபமானதும் அல்ல. சுருட்டுக்குள் வைப்பது நீளமான முழு இலை. பைப் புகையிலையோ நறுக்கியது, ஈரம் கூடியது. அளவு மிஞ்சினால் சுருட்டு ஒரு பக்கமாக எரியும், இல்லையேல் அணைந்துபோகும். லட்டாக்கியா கொஞ்சம் சேர்ந்தாலே மற்ற இலைகளின் குரல் எடுபடாது. அதனால் சுருட்டு செய்பவர்கள் அதைக் கிள்ளித்தான் சேர்க்கிறார்கள்.

இந்தச் சுருட்டுக்குத் துணையாக மேசைக்கு வருவது ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி. அதன் கதையும் விறகில்தான் தொடங்குகிறது, விறகு இல்லாததில். மரம் அரிதான அந்தத் தீவில், சதுப்பில் செடிகள் மட்கி இறுகிய பீட் மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். முளைகட்டிய பார்லியையும் அதன் மேல்தான் உலர்த்தினார்கள். ரயில் போன ஊர்களில் நிலக்கரி வந்து பீட் விலகியது. ஐலாவில் அது நிலைத்தது. பார்லியில் ஏறிய புகையைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு ஃபீனால் என்று அளக்கிறார்கள். லாகவூலினுக்கு ஏறக்குறைய 35, ஆர்ட்பெக்குக்கு 55. காய்ச்சி வடித்தபின் புட்டிக்குள் மிஞ்சுவது அதைவிடக் குறைவு.

விறகானாலும் பீட்டானாலும், செடியிலுள்ள லிக்னின் சூட்டில் சிதைந்து குவாயகால் என்ற வாசனைப் பொருள் பிறக்கிறது. ஆகவே சுருட்டும் விஸ்கியும் சேர்ந்தால் புகை இரட்டிப்பாகும் என்றுதான் தோன்றும். நாக்கில் நடப்பது வேறு. சுருட்டை நாலைந்து முறை இழுத்து, புகையை வாயில் மட்டும் நிறுத்தி வெளியே விட்டபின், சில சொட்டுத் தண்ணீர் கலந்த விஸ்கியை உறிஞ்சிப் பாருங்கள். ஒரே வாசனைக்குப் பழகிய மூக்கு அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விஸ்கியின் மருந்துக்கடை நெடி பின்வாங்கி, பார்லியின் இனிப்பும் எலுமிச்சைத் தோல் சாயலும் கடல் உப்பும் முன்னே வருகின்றன. மறுபடி சுருட்டை இழுத்தால், லட்டாக்கியா மூடிவைத்திருந்த மற்ற இலைகளின் கோகோ கசப்பு தெரிகிறது.

மூக்கில் ஒன்றையொன்று தணிக்கும் இந்த இரண்டும் தொண்டையில் அப்படி நடந்துகொள்வதில்லை. வாய், தொண்டைப் புற்றுநோய் விஷயத்தில் புகையிலையின் ஆபத்தும் மதுவின் ஆபத்தும் கூட்டலாக அல்ல, பெருக்கலாகவே சேர்கின்றன. இந்த ஜோடியின் ருசியை எழுதுகிறவன் அந்தக் கணக்கையும் எழுதிவிடுவதுதான் நேர்மை.