குடிமதிப்பும் நம் குடியிருப்பும்

தலைகளை எண்ணும் வேலை நம் இரயில்வே உலகத்துக்குப் புதியதன்று. 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் இரவு இந்நாட்டின் பெரும்பகுதியில் ஒரே இரவில் குடிமதிப்பு எடுக்கப்பட்டது. அன்றிரவு சீட்டு வாங்கியோரை நிலைய மேடையிலேயே எண்ணினர். வண்டியினின்று இறங்கியோரை இறங்கிய நிலையத்தில் எண்ணினர். அப்படியும் தப்பியவர்களுக்காக, விடியற்காலை ஆறு மணியளவில் ஓடிய வண்டிகளை எல்லாம் நிறுத்திப் பெட்டி பெட்டியாகப் பார்த்தனர். ஐந்து நிமிடத் தாமதத்துக்கே விளக்கம் எழுதி அலுத்த நமக்கு இது வியப்பே!

நாடெங்கும் ஒரே சமயத்தில் எண்ணும் வழக்கம் 1881-இல் தொடங்கிற்று. 1941-இல் ஓரிரவு முறை கைவிடப்பட்டது.

எண்ணிக்கையோடு தாய்மொழியையும் கேட்பதால் வழக்குகளும் எழுந்தன. 1951-இல் பஞ்சாப், பெப்சு, தில்லி, இமாசலம் ஆகிய பகுதிகளில் மொழிப் பூசல் முற்றியமையால், இந்தி, உருது, பஞ்சாபி, பஹாரி பேசுவோரைத் தனித்தனியே பிரிக்காமல் ஒன்றாகவே கணக்கிட்டு வெளியிட்டனர். ஒரு கட்டத்தில் எழுதும் ஒரு சொல்லுக்கு அத்துணை வலிமை!

நம் கதையையும் கூறிவிடுவோம். 2011-இல் கணக்காளர் வந்தபோது நாம் பணியில் இருந்தோம். வீட்டிலுள்ளோர் வாயிலில் நின்று இந்தியில் விடையளித்தனர். பிள்ளைகளும் தெருவில் இந்தியிலேயே கூவி விளையாடினர். வந்தவர் காதில் விழுந்ததையே தாய்மொழி என எழுதிப் படித்துக் காட்ட, "இருக்கட்டும்" என்றனராம். மாலையில் கேட்டு வருந்தினோமேயன்றித் திருத்த முயன்றோமில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் தமிழாசிரியர் ஒருவர் வேண்டுமென நம் சங்கத்தார் ஓர் அலுவலகத்துக்குச் சென்றனர். அங்கிருந்தவர் மாவட்ட மொழிக் கணக்கை எடுத்து வைத்து, "இவ்வளவு பேர்தாமே?" என்றார். உடன் சென்ற நாம் வாய் திறக்கவில்லை. அத்தாளில் நம் வீடு இல்லை.

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் 350-அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. ஆயின் குழந்தைகள் இருப்பதை யார் கூறுவது? 2011 கணக்கின்படி தமிழ் பேசுவோர் சுமார் 6 கோடியே 90 லட்சம். அவருள் 52 லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்வோர். நாமும் அவருள் அடங்குவோம், நம் வீட்டைப் போன்றவை நீங்கலாக.

தாய்மொழியாவது குழந்தைப் பருவத்தில் அன்னை நம்மிடம் பேசிய மொழி என்பதே கணக்காளருக்கு அளிக்கப்படும் விளக்கம். பிறகு கற்ற இரண்டு மொழிகளை எழுதத் தனி இடம் உண்டு. ஆகவே இந்தியைக் கைவிட்டதாக எவரும் கருதார். குவார்ட்டர்ஸில் தம்பியையோ மைத்துனரையோ தங்க வைத்திருப்பதை அஞ்சி மறைப்போரும் நம்மிடையே உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்பதிவுகளைப் பிறர் பார்வையிடவோ, வழக்கில் சான்றாகக் காட்டவோ இயலாது.

2021-இல் நடக்கவேண்டிய கணக்கு பெருந்தொற்றால் தடைப்பட்டது. 2027 மார்ச்சு 1-ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு 2025 ஜூனில் அறிக்கை வெளியாயிற்று. கணக்காளர் வரும் நாட்களில் இரவுப் பணியில் இருப்போர் வீட்டில் விடை கூறுபவர் யார் என்பதை முன்னரே பேசி வைப்போமாக. நம் வீட்டில் இம்முறை மூத்த மகள் கூறுவதென முடிவாகியிருக்கிறது.