நிரலால் செய்யும் நிவாரணம்

1. கேள்வி

இணையவழி அறம் என்றதும் பணம் செலுத்தும் பக்கமே பலருக்கும் நினைவில் எழுகிறது. தொகையைக் கட்டியதும் கொடுத்தவரின் பங்கு முடிந்துவிடுகிறது. உழைப்பைத் தர முன்வருபவருக்கு இணையத்தில் இடம் உண்டா? நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள்கள் அந்த இடத்தை உண்டாக்கியிருக்கின்றன என்பதே என் துணிபு.

2. சஹானா

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்ற விவரங்களை ஓரிடத்தில் திரட்ட வேண்டியிருந்தது. அந்நாட்டுக் கணினித் துறையினர் தன்னார்வலர்களாகக் கூடி எழுதிய மென்பொருள்தான் சஹானா. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். கட்டற்ற உரிமத்தில் வெளிவந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006 பிலிப்பைன்ஸ் நிலச்சரிவுக்கும் அது பயன்பட்டது. துயரத்தில் இருந்த ஒரு சிறு நாடு தனக்காகச் செய்துகொண்ட கருவியை மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. பணக்கொடை செலவழிந்தால் தீரும். இந்தக் கொடையோ எடுத்தாண்டவர் திருத்தத் திருத்த வளர்ந்தது.

3. கட்டம் கட்டமாக உழைப்பு

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலம் நடுங்கியபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு விரிவான வரைபடம் இல்லை. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்களை வரைந்தார்கள். இன்று அப்பணிக்கென்றே ஒரு திறமூலச் செயலி இருக்கிறது. வரைய வேண்டிய நிலப்பரப்பை அது சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்ததும் அது பிறருக்குப் பூட்டப்படும். அவர் கூரைகளின் ஓரத்தைச் சொடுக்கிச் சொடுக்கி வரைந்து முடித்ததும், இன்னொருவர் சரிபார்ப்பார். அரை மணி நேரம் கிடைத்தவரும் முழுமையாக ஒரு வேலையை முடித்துவிட்டு எழலாம். ஆட்களை மறுபடி வரவழைப்பது இந்த நிறைவுதான் என்று கருதுகிறேன்.

4. வரம்பு

நிரலைத் திறந்து வைப்பது வேறு, முகாமில் இருப்பவரின் பெயரையும் இருப்பிடத்தையும் திறந்து வைப்பது வேறு. இதில் தளர்வே கூடாது. இன்னொரு வரம்பும் உண்டு. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைபவருக்குத் தெருவின் பெயர் தெரியாது. அங்கே குடியிருப்பவர்தான் சொல்ல வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தில் நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் குறித்தார்கள்.

உங்கள் ஊரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயரில்லாமல் கிடக்கும் தெருக்களுக்குப் பெயர் எழுதுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் எழுதுங்கள்.