கடவுச்சொல் நினைவிருந்தும் திறக்காத பூட்டு



கடந்த பள்ளி விடுமுறையில் என் மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை மீண்டும் நிறுவினேன். மாணவர்களின் கட்டுரைகளும் விளையாட்டுப் போட்டிப் படங்களும் வன்தட்டின் தனிப் பகுதியொன்றில், மறைகுறியாக்கம் செய்யப்பட்டு இருந்தன. நிறுவும்போது அப்பகுதிக்குக் கடவுச்சொல் கேட்கப்பட்டது. திறப்பதற்கென எண்ணிப் பழைய சொல்லையே தட்டச்சு செய்தேன். அதுவோ புதிய பூட்டை உருவாக்கும் படிவம்! ஒன்பது ஆண்டுச் சேமிப்பு சில நொடிகளில் போயிற்று. கடவுச்சொல் அதேதான், பிறகு ஏன் திறக்கவில்லை? தேடியபோது இவ்வரலாறு கிடைத்தது.

2004-ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 2.6.4-இல் ‘டிஎம்-கிரிப்ட்’ என்னும் மறைகுறியாக்க வசதி சேர்ந்தது. தொடக்கத்தில் கடவுச்சொல்லிலிருந்தே திறவுகோல் நேரடியாகக் கணக்கிடப்பட்டது. எம்முறையில் கணக்கிடுவது என்னும் விவரம் பூட்டிய பகுதியில் இராது. இயங்குதளத்தின் அமைப்புக் கோப்பில் இருக்கும். இயங்குதளத்தை அழித்தால் அதுவும் அழியும். கடவுச்சொல்லை மாற்றவோ பகுதி முழுவதையும் திரும்ப எழுத வேண்டும்.

இதற்குத் தீர்வாகக் கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் ‘லக்ஸ்’ என்னும் தரத்தை வகுத்தார். தரவைப் பூட்டும் முதன்மைத் திறவுகோல் குறிப்பற்ற எண்களால் ஒருமுறை உருவாகும். கடவுச்சொல் அத்திறவுகோலை மட்டுமே பூட்டும். முதற்பதிப்பில் எட்டுக் கடவுச்சொற்கள் வரை வைத்துக்கொள்ளலாம். விவரங்கள் யாவும் பகுதியின் தொடக்கத்திலுள்ள தலைப்பில் இருப்பதால், இயங்குதளத்தை மாற்றினாலும் தரவைத் திறக்கலாம்.

வியப்பு இனிமேல்தான். வன்தட்டில் அழித்தது முழுமையாக அழியாது என்னும் அச்சம் அக்காலத்தில் இருந்தது. எனவே ஃப்ரூவிர்த் பூட்டிய திறவுகோலை 4000 மடங்காக விரித்து எழுதச் செய்தார். அதில் சிறு துண்டு அழிந்தாலும் திறவுகோல் மீளாது. திருடனுக்கு எதிராக அமைத்த அந்த ஏற்பாடு என்னிடமும் தன் வேலையைச் செவ்வனே செய்துவிட்டது. நான் உருவாக்கிய புதிய தலைப்பில் புதிய திறவுகோல். பழைய தரவுக்கு அது பொருந்தாது. அவரைக் குறைகூற என்னால் இயலவில்லை.

2017-இல் வந்த லக்ஸ் இரண்டாம் பதிப்பிலும் தலைப்பு வழக்கமாக 16 மெகாபைட்தான். ‘கிரிப்ட்செட்டப்’ கருவியின் ‘லக்ஸ்ஹெடர்பேக்கப்’ கட்டளையால் அதை விரலியில் நகலெடுக்கலாம். பின்னர்க் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய நகலை அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும். பழைய நகல் பழைய சொல்லுக்குத் திறந்துவிடும். நிறுவும்போது இயங்குதளப் பகுதியை மட்டும் வடிவமைத்து, பூட்டிய பகுதியைத் தொடாமல் விடுகிறேன். எல்லாம் முடிந்த பின்னரே அதைத் திறக்கிறேன்.

நகல் இருக்கும் விரலி இப்போது என் மேசை இழுப்பறையில், சுண்ணக்கட்டிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.