பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஒரு படையின் வலிமையை அதன் துப்பாக்கிகளைக் கொண்டு அளக்கலாம். அதன் பெயரை நிலைநிறுத்துவோர் மக்களே. அயர்லாந்து விடுதலைப் போரில் தோன்றிய 'பிளாக் அண்ட் டான்ஸ்' படையின் வரலாறு இதற்குச் சான்று.

1919ஆம் ஆண்டு போர் மூண்டதும், அயர்லாந்தின் அரச காவற்படையிலிருந்து உள்நாட்டார் பலர் விலகினர். அவ்விடங்களை நிரப்ப, முதல் உலகப் போர் முடிந்தபின் வேலையின்றித் திரிந்த முன்னாள் சிப்பாய்களைப் பிரிட்டிஷ் அரசு நாளொன்றுக்குப் 10 ஷில்லிங் ஊதியத்தில் சேர்த்தது. 1920 மார்ச்சில் அவர்கள் வந்திறங்கினர். சீருடைப் பற்றாக்குறையால் காவலரின் கரும்பச்சையையும் இராணுவத்தின் காக்கியையும் கலந்து உடுத்தினர். அக்கோலத்தைக் கண்ட மக்கள், லிமரிக் பகுதியின் வேட்டைநாய்க் கூட்டமொன்றின் பெயரையே அவர்களுக்குச் சூட்டிவிட்டனர்.

பெயருக்கேற்ற செயலும் தொடர்ந்தது. 1920 செப்டம்பர் 20 அன்று, காவல் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிதீர்க்க, இவர்கள் பால்பிரிகன் என்னும் சிற்றூருக்குத் தீயிட்டனர், இருவரைக் கொன்றனர்.

ஆயினும், இவர்கள் தலையில் ஏறிய பழி அனைத்தும் இவர்களுடையதன்று. முன்னாள் இராணுவ அதிகாரிகளைக் கொண்டு 1920 ஜூலையில் அமைக்கப்பட்ட துணைப்படை வேறு. அவ்வாண்டு டிசம்பர் 11 இரவில் கார்க் நகரின் நடுப்பகுதியை எரித்தவர்கள் அத்துணைப்படையினரே. நகர மன்றமும் நூலகமும் சாம்பலாயின. ஊர்வாயிலோ அதுவும் 'டான்ஸ்' செயலாகவே நின்றது. சிறைகளைத் திறந்து குற்றவாளிகளைப் படையில் சேர்த்தனர் என்ற பேச்சும் பரவியது. ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. அப்படையில் அயர்லாந்தில் பிறந்தோரும் இருந்தனர்.

பழியும் பாவமும் இவ்வாறு இடம் மாறியது ஏன்? கார்க் எரிப்பு குறித்து இராணுவத் தளபதி ஸ்டிரிக்லண்ட் அளித்த விசாரணை அறிக்கையை அரசு அன்று வெளியிடவில்லை. கோப்புகளிடையே காலம் கழிக்கும் நாம் இதனை நன்கறிவோம்: மூடிய கோப்பு பேசாது, அதற்கும் சேர்த்து ஊர் பேசும். குற்றவாளி இன்னாரென அரசு சுட்டியிருந்தால், குற்றமற்றவன் தப்பியிருப்பான். மறைத்ததால் எல்லார்க்கும் ஒரே பெயர் வாய்த்தது.

அயர்லாந்தில் நடந்த அடக்குமுறையின் எதிரொலி நம் நாட்டிலும் கேட்டது. 1920 ஜூனில் ஜலந்தரிலும் சோலனிலும் பிரிட்டிஷ் இராணுவத்தின் 'கன்னாட் ரேஞ்சர்ஸ்' பிரிவைச் சேர்ந்த ஐரிஷ் வீரர்கள் பணி செய்ய மறுத்தனர். அவர்களுள் ஜேம்ஸ் டேலி என்னும் இளைஞர் நவம்பர் 2 அன்று தக்‌ஷாயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1921 ஜூலையில் போர் ஓய்ந்தது. மறு ஆண்டு காவற்படையும் கலைக்கப்பட்டது. பெயர் மட்டும் கலையவில்லை. 2020 ஜனவரியில் அப்பழைய காவற்படையினரை நினைவுகூர அயர்லாந்து அரசு விழா எடுக்க முனைந்தபோது, 'டான்ஸ்' நினைவு மூண்டெழ, மக்கள் எதிர்ப்பால் விழா தள்ளிவைக்கப்பட்டது. அப்படையில் நேர்மையாகப் பணியாற்றிய உள்ளூர்க் காவலர்க்கும் அப்பழியில் பங்கு வந்தது. நூறாண்டு கடந்தும் தீராத அக்கணக்கில், தீயிட்டவர்க்கு உள்ள பொறுப்பு, உண்மையைப் பூட்டி வைத்தவர்க்கும் உண்டு.