டிக்கெட் லாபம் யாருக்கு? விளையாட்டு அரங்குகளில் விலைக் கொள்கை மாறிய வரலாறு (1990–2025)

பெரிய ஆட்டங்களுக்கு இருக்கைகள் குறைவு, ஆசைப்படுபவர்கள் அதிகம். ஆகவே அச்சிட்ட விலைக்கும், எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும் என்று தவிக்கும் ரசிகர் கொடுக்கத் துணியும் விலைக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் கிடக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நெடுங்காலம் அதில் பெரும்பகுதி ரசிகரிடமே தங்கியது. மிச்சத்தை அரங்க வாசலில் நின்ற பிளாக் டிக்கெட்காரர் எடுத்துக்கொண்டார். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இந்த இரண்டு பங்குகளையும் போட்டி நடத்துபவர்களே தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள் என்பது என் வாதம்.

தொடக்கம் ஒரு துயரத்தில் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் கால்பந்து ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி பீட்டர் டெய்லர், 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கையில், பெரிய அரங்குகளில் நின்று பார்க்கும் பகுதிகளை ஒழித்து எல்லாருக்கும் இருக்கை போடச் சொன்னார். அப்படிச் செய்தால் டிக்கெட் விலை ஏறிவிடாதா என்ற கேள்வியையும் அவர் தவிர்க்கவில்லை. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் இருக்கைக்கு 6 பவுண்டு, நிற்பதற்கு 4 பவுண்டு. வித்தியாசம் அவ்வளவுதான் என்று எடுத்துக்காட்டினார். பாதுகாப்புப் பரிந்துரையைக் கிளப்புகள் நிறைவேற்றின. விலை பற்றிய அவருடைய நம்பிக்கையைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் வரவில்லை. 1992இல் இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியாகப் பிரீமியர் லீக் பிறந்தது. தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. டிக்கெட் விலையோ பொது விலைவாசியை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஏறியது.

1994இல் பிரிட்டன் நிறைவேற்றிய குற்றவியல் நீதிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இங்கே முக்கியமானது. அனுமதி பெறாதவர் கால்பந்து டிக்கெட் விற்பதை அது குற்றமாக்கியது. எதிரணி ரசிகர்கள் ஒரே பகுதியில் கலந்து அடிதடி நடக்கக் கூடாது என்பதே அதன் முதன்மை நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் வாசலில் விற்பவரைத் தண்டித்த சட்டம், உள்ளே கவுண்டரில் கிளப் என்ன விலை வைக்கலாம் என்பதைத் தொடவே இல்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் சுமார் 10,000 லிவர்பூல் ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். விரிவாக்கப்பட்ட பகுதியில் 77 பவுண்டு டிக்கெட் அறிவிக்கப்பட்டதே காரணம். அவர்கள் போகும்போது லிவர்பூல் 2–0 என முன்னிலையில் இருந்தது; ஆட்டம் முடிந்தபோது 2–2. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். அடுத்த மாதம், வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பை லீக் முழுவதும் ஏற்றது. ரசிகர் சேர்ந்து நின்றால் விலை அசையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்காவின் பாதை வேறு. அங்கே முதலில் வளர்ந்தது சேவைக் கட்டணம். 1976இல் அரிசோனாவில் தொடங்கிய டிக்கெட்மாஸ்டர், 1980களில் அரங்குகளோடு தனியுரிமை ஒப்பந்தம் போட்டு, ரசிகரிடம் வாங்கும் கட்டணத்தில் அரங்குக்கும் பங்கு கொடுத்தது. கட்டணம் உயர்ந்தால் அரங்குக்கும் ஆதாயம்; ரசிகருக்கோ வேறு கடைக்குப் போக வழியில்லை. இரண்டாவது திருப்பம் 2007இல் வந்தது. அந்த ஆண்டு நியூயார்க் மாநிலம் மறுவிற்பனை விலைக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. பேஸ்பால் மேஜர் லீக், மறுவிற்பனைத் தளமான ஸ்டப்ஹப்போடு கூட்டு வைத்தது. அதுவரை தலைவலியாகக் கருதப்பட்ட மறுவிற்பனை, லீக்கின் வருமான வழிகளில் ஒன்றானது. 2009இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி ஏறத்தாழ 2,000 இருக்கைகளுக்கு நாளுக்கு நாள் மாறும் விலையைச் சோதித்து, மறு ஆண்டே முழு அரங்குக்கும் விரித்தது. எதிரணி யார், வானிலை எப்படி, பந்து வீசப்போவது யார் என்பதற்கேற்ப விலை ஏறி இறங்கியது.

மறுவிற்பனையில் பங்கு, மாறும் விலை என்ற இந்த இரண்டு பழக்கங்களும் 2026 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஒன்றுசேர்ந்தன. 2018இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கூட்டாக அளித்த விண்ணப்பம் 21 டாலரில் தொடங்கும் டிக்கெட்டையும், இறுதி ஆட்டத்துக்கு அதிகபட்சமாக 1,550 டாலரையும் குறிப்பிட்டிருந்தது. 2025 செப்டம்பரில் போட்டியை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அறிவித்தது 60 டாலர் முதல் 6,730 டாலர் வரை. அதுவும் தேவைக்கேற்ப மாறக்கூடிய விலை. முந்தைய போட்டிகளில் உள்ளூர் மக்களுக்கென்றே ஒரு மலிவு வகுப்பு இருந்தது: 2010இல் தென்னாப்பிரிக்கர்களுக்கு 140 ராண்ட், 2022இல் கத்தாரில் வசிப்பவர்களுக்கு 40 ரியால். அந்த மரபு இம்முறை கைவிடப்பட்டது.

விலை உயர்வைவிட மறுவிற்பனைக் கட்டணமே என்னை அதிகம் கலங்கவைக்கிறது. ஃபிஃபாவின் சொந்தத் தளத்தில் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம். ஒருவர் தம் டிக்கெட்டுக்கு 1,000 டாலர் விலை சொன்னால், வாங்குபவர் 1,150 கொடுக்கிறார், விற்பவர் கையில் 850 வருகிறது, நடுவில் 300 ஃபிஃபாவுக்கு. அந்த டிக்கெட்டை ஃபிஃபா ஏற்கெனவே ஒருமுறை விற்றுவிட்டது என்பதை மறக்கக் கூடாது. மறுவிலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு கூடுதல் வரவு. ஊக வணிகத்தைத் தடுக்க வேண்டிய அமைப்பே அதில் பங்காளி ஆகிவிட்டது.

ஃபிஃபா சொல்லும் பதில்: இது வட அமெரிக்க நடைமுறை, வருமானம் 211 உறுப்புச் சங்கங்களின் வளர்ச்சிக்குப் போகிறது. தரகர் கைக்குப் போவதைவிட இது மேல் என்ற வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் மாறும் விலை அரங்கை நியாயமாக நிரப்பும் என்ற நம்பிக்கையை 2025 ஜூலையில் நடந்த ஃபிஃபாவின் கிளப் உலகக் கோப்பை அரையிறுதி கலைத்தது. செல்சி–ஃபுளுமினென்சே ஆட்டத்தின் சாதாரண டிக்கெட் 473.90 டாலரிலிருந்து 13.40 டாலருக்குச் சரிந்தது. முன்கூட்டியே திட்டமிட்டு வாங்கியவர், கடைசி நிமிடத்தில் வந்தவரைவிடப் பல மடங்கு கொடுத்திருந்தார்.

அதே ஆண்டு மே 12 முதல் அமெரிக்க வணிக ஆணையத்தின் விதி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்டச் சொல்கிறது. கட்டணம் எவ்வளவு இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. டிசம்பரில் உலகக் கோப்பை டிக்கெட் விலைகளை ஐரோப்பிய ரசிகர் கூட்டமைப்பு கடுமையாகக் கண்டித்தபின், 104 ஆட்டங்களுக்கும் 60 டாலர் டிக்கெட் உண்டு என்று ஃபிஃபா இறங்கி வந்தது. ஒவ்வோர் அணிச் சங்கத்துக்கும் ஒதுக்கிய 8 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குதான் அது. இரண்டு அணிகளையும் சேர்த்தால் அரங்கில் 1.6 சதவீத இருக்கைகள்.

இதே போட்டியில் மெக்சிகோவில் நிலைமை வேறு. அந்நாட்டில் வசிப்பவர்கள் அங்கு நடக்கும் ஆட்டங்களுக்கான டிக்கெட்டை ஃபிஃபா தளத்தில் வாங்கிய விலைக்கு மேல் கைமாற்ற முடியாது. அங்கே நுகர்வோர் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஃபிஃபாவும் அதற்கேற்பத் தனி ஏற்பாடு செய்துகொண்டது.