பெயர் கேட்காத பயணச்சீட்டு

திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து ஏறி நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் ஒருவரிடம் நடத்துநர் வழக்கமாக இரண்டே கேள்விகள் கேட்பார்: எங்கே இறங்க வேண்டும், சில்லறை இருக்கிறதா? பெயரோ சாதியோ எதற்காகப் போகிறார் என்பதோ அவருக்குத் தேவையில்லை. காசைக் கொடுத்தால் சீட்டு கிடைக்கும், சீட்டு இருந்தால் இடம் உண்டு. நாம் நாள்தோறும் கசக்கி எறிகிற அந்தச் சிறு தாளின் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றும் அதனோடு விரைந்து பரவிய எண்மத் தொழில்நுட்பமும் அந்தத் தாளை என்ன செய்தன என்பதே இப்பதிவின் பொருள்.

திருவிதாங்கூரில் சாலை என்பது எல்லாருக்கும் உரியதாக இருந்ததில்லை. யார் எந்த வழியில் நடக்கலாம், யாரைக் கண்டால் யார் விலக வேண்டும் என்பதைச் சாதி வகுத்திருந்தது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893ஆம் ஆண்டு தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்லுவண்டி பூட்டிச் சென்றார். கேரளச் சமூக வரலாற்றின் முதன்மையான போராட்டங்களுள் ஒன்று வண்டிப் பயணமாக அமைந்தது தற்செயலன்று. நடமாட்டமே அங்கு அதிகாரத்தின் அளவுகோலாக இருந்தது. தமிழ்நாட்டிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என ஆணையிட வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் திருவிதாங்கூர் அரசின் பேருந்து வருகிறது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியானது. ஓராண்டும் மூன்று மாதமும் கழித்து, 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். அதை நடத்துவதற்கு இலண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பவர் வரவழைக்கப்பட்டிருந்தார். தலைநகரிலிருந்து கவடியாருக்குச் சென்ற முதல் பேருந்தை அவரே ஓட்டினார். அத்துறையின் வழிவந்ததுதான் 1965இல் உருவான கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம். பேருந்து வந்ததும் சாதி மறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரின் இருக்கையைத் தீர்மானிப்பது அவர் பிறப்பு என்ற நிலை மாறி, அவர் கொடுக்கும் கட்டணம் என்ற நிலை உருவானது. பெயர் கேட்காமை என்பது அலட்சியத்தால் நேர்ந்ததன்று, அது ஒரு சமத்துவ ஏற்பாடு.

பெயர் கேட்கும் வழக்கம் மீண்டும் மீண்டும் தலைதூக்கிய காலங்கள் கொள்ளைநோய்க் காலங்களே. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதை அடுத்து, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டம், ரயிலிலும் பிற வழிகளிலும் செல்வோரைச் சோதிக்கவும் ஐயத்துக்குரியோரைத் தனிமைப்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. சென்னை மாகாணத்தில் நோய் கண்ட பகுதிகளிலிருந்து வரும் பயணிகளுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ வழங்கப்பட்டது. அதை வைத்திருப்பவர் சென்று சேர்ந்த ஊரில் குறித்த நாள்கள்வரை அதிகாரிகள்முன் நேரில் தோன்றித் தம் உடல்நிலையைக் காட்ட வேண்டும்.

இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளரின் கதை இதைவிடக் கூர்மையானது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் அமைந்த முகாம்களில் அவர்கள் நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று வழங்கப்பட்டது. அதைக் காட்டினால் வழியில் பணம் கேட்கமாட்டார்கள். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், பிறகு அதுவே தொழிலாளியைப் பிணைக்கும் கடனாகும். உடல்நலத்துக்கான சோதனையும் உழைப்பைக் கட்டுப்படுத்தும் பதிவும் ஒரே வரிசையில் ஒரே மனிதர்மீது நடந்தன. நோய் தணிந்தால் முகாம் கலையலாம், ஆனால் எண் பொறித்த துண்டு வேறு பயனுக்காக நீடிக்கும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு 2020க்கு வருவோம்.

இந்தியாவின் முதல் கோவிட் தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் உறுதியானது. மார்ச் மாதத்தில் பத்தனம்திட்டை மாவட்ட நிர்வாகம் புதியதொரு ஆவணத்தை வெளியிட்டது. இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தினர் எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கெல்லாம் சென்றார்கள் என்று காட்டும் வழித்தட வரைபடம் அது. அவர்கள் பெயர் அதில் இல்லை. எனினும் கடை, வங்கி, உணவகம் என அன்றாட நடமாட்டம் முழுவதும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அந்த இடங்களில் அந்த நேரத்தில் இருந்தவர்கள் தாமே முன்வந்து தகவல் தெரிவிக்க அது உதவியது. தொற்றின் சங்கிலியைத் தேடிப் பிடிக்க அப்போது வேறு விரைவான வழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருவரின் ஒருவாரப் பயணம் அரசு ஆவணமாகலாம் என்பதைச் சமூகம் ஏற்றுக்கொண்டதும் அன்றுதான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கேள்வி கடினமானது. நோயாளிகளின் கைபேசி அழைப்புப் பதிவுகளைக் காவல்துறை திரட்டுவது உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. கோபுர இருப்பிட விவரம் மட்டுமே பயன்படுத்தப்படும் என அரசு அங்கே விளக்கியது. முதலில் மக்கள் தாமாகச் சொன்ன வழித்தடத்தை, சில மாதங்களில் கருவி சொல்லத் தொடங்கியிருந்தது.

இதற்கிடையே எல்லை மூடப்பட்டது. குமரி மாவட்டத்தார்க்கு அந்த எல்லையின் பொருளே வேறு. 1956 நவம்பர் 1வரை அவர்களுக்கும் திருவனந்தபுரமே தலைநகர். மாநிலம் பிரிந்த பிறகும் மருத்துவம், படிப்பு, கட்டட வேலை, மீன் வணிகம் என எல்லாவற்றுக்கும் களியக்காவிளையைக் கடந்து செல்வது அவர்களுக்கு அடுத்த தெருவுக்குப் போவதைப் போன்றது. 1979இல் நாகர்கோவிலுக்கு ரயில் பாதை வந்தபின் அந்த உறவு இன்னும் இறுகியது. 2020 மே மாதம் அந்த எல்லையின் கேரளப் பக்கத்தில் உள்ள இஞ்சிவிளைச் சோதனைச்சாவடியைக் கடக்க ‘ஜாக்ரதா’ இணையதளத்தில் பதிந்து அனுமதி பெற வேண்டியிருந்தது. தமிழகத்துக்குள் செல்ல வேறோர் இணைய அனுமதிச்சீட்டு. வாளையாறு எல்லையில் சீட்டின்றி வந்தவர்கள் தவித்து நின்றபோது, கேரள உயர் நீதிமன்றம் மே 10ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று சிறப்பு அமர்வு கூட்டி அவர்களுக்கு வழிசெய்ய வேண்டியதாயிற்று. கைபேசியும் இணையமும் படிவத்தை நிரப்பும் பயிற்சியும் இருந்தவர் கடந்தார். இல்லாதவர் வேறொருவரின் கைபேசியை நம்பி நின்றார்.

மாநிலங்களுக்கிடையே பயணத்துக்குத் தனி அனுமதி தேவையில்லை என ஒன்றிய அரசு 2020 ஆகஸ்டு இறுதியில் அறிவித்தது. இருந்தும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியது 2021 டிசம்பர் 1ஆம் நாளில்தான். அதுவரை இரு பக்கத்துப் பேருந்துகளும் எல்லையோடு நின்றன. பயணி மூட்டையுடன் இறங்கி நடந்து, மறுபக்கத்தில் வேறு பேருந்து பிடித்தார். ஆணை ஒரு நாளில் விலகும், பழைய வழித்தடம் மீள்வதற்கு மாதங்கள் பிடிக்கும்.

ரயிலில் நேர்ந்தது இன்னும் ஆழமானது. 2020 மே மாதம் சில சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியபோது, ஆரோக்கிய சேது செயலி பயணிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. முன்பதிவில்லாத பெட்டி என்பதே நீண்ட காலம் இல்லாமற்போனது. நாகர்கோவிலிலிருந்து கூலி வேலைக்குத் தலைநகர் செல்பவர் காலையில் நிலையத்துக்கு வந்து சீட்டு வாங்கி ஏறும் வழக்கம் நின்றது. பெயர், வயது, அடையாளம் யாவும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். சாதாரணப் பயணிகள் ரயில்கள் விரைவு ரயில் கட்டணத்துடன் திரும்பி வந்தபோது, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாகியிருந்தது. அது மீண்டும் 10 ரூபாயானது 2024 பிப்ரவரியில்தான். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பவில்லை. தேவையற்ற பயணத்தைக் குறைப்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். காரணம் மறைந்த பின்னும் விளைவு நிலைத்தது.

பேருந்திலும் இதையொத்த மாற்றம் ஒன்று ஓசையின்றி நடந்தது. 2020 ஜூலையில் கேரள அரசு குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயாகவே வைத்துக்கொண்டு, அந்தத் தொகைக்குச் செல்லக்கூடிய தொலைவை 5 கிலோமீட்டரிலிருந்து 2.5 கிலோமீட்டராகக் குறைத்தது. இருக்கைகளில் பாதியை வெறுமையாக விட்டு ஓடிய பேருந்துகளுக்கு அது நெருக்கடிக்கால நிவாரணம். 2022 மே மாதம் கட்டணம் 10 ரூபாயாக உயர்ந்தபோதும் தொலைவு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அதே 2020 ஜூலையில் நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு ஆகிய ஊர்களிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு ‘பாண்ட்’ என்ற சேவை தொடங்கியது. முன்பணம் செலுத்திய நிலையான பயணிகளுக்கு உறுதியான இருக்கை உண்டு, அவர்களின் இருசக்கர வண்டியை நிறுத்தப் பணிமனையில் இடமும் உண்டு. அலுவலகம் செல்வோர்க்கு நல்ல ஏற்பாடுதான். இன்று வேலை கிடைக்குமா என்று தெரியாமல் புறப்படுகிறவர் இருபது நாளுக்கு முன்பணம் கட்டமாட்டார்.

ஆயினும் கருவியையே குற்றம் சொல்வது எளிய முடிவாகிவிடும். 2022 ஆகஸ்டு 17 அன்று கேரளத் தொழிலாளர் துறை திருவனந்தபுரத்தில் ‘கேரள சவாரி’ என்ற வாடகை வண்டிச் செயலியைத் தொடங்கியது. தொடங்கியபோது அரசு நிர்ணயித்த கட்டணத்தின்மேல் 8 விழுக்காடு சேவைக் கட்டணம் மட்டுமே இருந்தது, மழை பெய்தால் விலை ஏறாது என்பதும் அதன் விதியாக இருந்தது. அந்தச் செயலி சந்தையில் எவ்வளவு வென்றது என்பது தனி விவாதம். செயலியின் விதிகளை ஒரு மக்கள் அரசும் எழுதலாம் என்று அது காட்டியதே வரலாற்றில் குறிக்கத்தக்கது. பேருந்து எங்கே வருகிறது என்று கைபேசியில் காண்பது இரவு நேரத்தில் நிறுத்தத்தில் தனியே நிற்கும் பெண்ணுக்குப் பெரிய உதவி. நடத்துநரிடம் யுபிஐ வழியே கட்டணம் செலுத்துவதால் சில்லறைச் சண்டையும் குறைகிறது.

கருவியே இல்லாமல் திறந்த கதவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 ஜூலையில் திருவனந்தபுரத்தில் மூன்றடுக்கு ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, பூந்துறைக் கடற்கரை கண்டிப்பான காவலுக்குள் வந்தது. சமூகப் பரவல் நிகழ்ந்ததாக ஜூலை 17 அன்று முதலமைச்சர் அறிவித்த இரு பகுதிகளுள் அதுவும் ஒன்று. மீன் கூடையுடன் பேருந்தில் ஏறும் பெண்கள் அதற்கு முன்பும் முகச்சுளிப்பைச் சந்தித்தவர்கள்தாம். 2021 ஆகஸ்டில் அவர்களுக்கென்றே ‘சமுத்ரா’ என்ற கட்டணமில்லாப் பேருந்துகள் தலைநகரில் விடப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் செயலி வேண்டியதில்லை, முன்பதிவும் வேண்டியதில்லை. பெருந்தொற்றின் நடுவே பிறந்த இந்த ஏற்பாடுகள் கேட்டது ஒன்றே: பயணம் செய்ய வேண்டியவர் யார்? அதே காலத்தில் பிறந்த இணையப் படிவங்கள் கேட்டது வேறு: பயணம் செய்யத் தகுதியுள்ளவர் யார்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் நம் எதிர்காலப் போக்குவரத்து இருக்கிறது. கேரளத்தின் 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் அவசரச் சட்டம் எல்லையை மூடவும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தொற்றுக் காலத்தில் மருத்துவச் சேவைக்காக ஒப்புதலின்றித் தரவைக் கையாள இடமளிக்கிறது. நிபா போன்ற நோய்களை 2018 முதல் மீண்டும் மீண்டும் கண்டுவரும் மாநிலத்தில் இவ்வதிகாரங்கள் தேவையற்றவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பயணிகளாகிய நாம் கேட்கக்கூடியவை மூன்று உண்டு. நோய்க்காகப் பெற்ற அனுமதி முறை எந்த நாளில் முடியும் என்பது அது தொடங்கும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். நோய்க்காகத் திரட்டிய வழித்தட விவரம் நோய் தணிந்ததும் அழிக்கப்பட வேண்டும். செயலியும் அட்டையும் எவ்வளவு வளர்ந்தாலும், கையில் காசோடு வருபவர் பெயர் சொல்லாமல் ஏறும் வழி ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

தோட்டத்துத் தகரத் துண்டைக் கழுத்தில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கைபேசித் திரையில் கட்டமிட்ட குறியீட்டைக் காட்டிப் பயணம் செய்கிறார்கள். துண்டு தோட்டத்துக்குச் சொந்தமானது, கைபேசி நமக்குச் சொந்தமானது என்ற வேறுபாடு பெரிதுதான். அதில் பதியும் பயணம் யாருக்குச் சொந்தம் என்பதை இன்னும் நாம் தீர்மானிக்கவில்லை. அடுத்த கொள்ளைநோய் வந்து நமக்காக அதைத் தீர்மானிப்பதற்குள், நடத்துநர் கிழித்துத் தரும் அந்தப் பெயரற்ற தாளின் அருமையை உணர்ந்து வைத்திருப்பது நல்லது.